கேட் மேசையில் மாறிய மவுத்பீஸ்

என் மாப்பிள்ளை மாரிமுத்துவுக்கு, நீ இருக்கிற இடத்தில் சுகமாக இரு.

முதலில் உனக்குப் பிடித்த செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் தோட்டத்து முள்கம்பி வேலியைப் பிரித்துவிட்டார்கள். போன வாரம் லோரி வந்து கம்பிகளைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு போனது. கேட்டில் நம் பெட்டிகளைத் திறந்து வைத்துச் சோதனை போட்டார்களே, அந்தப் பலகை மேசையை நம்மை வேலை வாங்குகிற மண்டோர் தன் வீட்டுக்குத் தூக்கிப் போய்க் கோழிக்கூண்டுக்கு அடியில் போட்டிருக்கிறார். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா?

உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். காற்றடிக்கிற காலையில் ரப்பர் மர நிரைக்குப் போகாதே, மரம் சொன்னபடி கேட்காது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தங்கச்சி புருஷனை மரியாதையாக 'வாங்க, போங்க' என்று பேசு என்று அம்மா தலைதலையாக அடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. இப்போதும் உன்னை நீ என்றுதான் கூப்பிடுகிறேன். திட்டுவதற்கு அதுதான் வசதி.

இந்தக் கடிதத்தை வாரப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். என் கிளாரினெட்டை நாலு பேர் முன்னால் புகழ்ந்தபோது வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டவன் நான். அதனால் உண்மையையும் நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் சொல்வேன். படிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள்.

பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்துத் தோட்டத்தில் காலையில் பால் வெட்டிவிட்டு, சனி ஞாயிறுகளில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பேண்டு வாசிக்கிற ஒன்பது பேரில் நாம் இரண்டு பேர். கோயில் கமிட்டி இரண்டு பழைய கிளாரினெட்டுகளை வாங்கிக் கொடுத்தது. அவற்றில் எல்லாம் இருந்தன, வாயில் வைத்து ஊதுகிற மவுத்பீஸ் மட்டும் இல்லை. அதை வாங்க நீயும் நானும் கோலாலம்பூருக்கு பஸ் ஏறிப் போனோமே, நினைவிருக்கிறதா?

கடைக்காரச் சீனர் ஒரு தகரத் தட்டு நிறையப் பழைய மவுத்பீஸ்களைக் கொட்டி, பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். நான் வாயில் வைத்துப் பார்த்த மூன்றாவதையே எடுத்துக்கொண்டேன். அதுதான் கடை அதிர ஊதியது. நீ காலை முழுவதும் உட்கார்ந்துவிட்டாய். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, இரண்டு பக்கத்து ஓரங்களும் ஒரே தடிமனில் இருக்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தாய். நுனியில் நகத்தை ஓட்டி, பொடிச் சில்லு பெயர்ந்திருந்தால்கூடத் தள்ளி வைத்தாய். கட்டை விரலால் பரபரவென்று தேய்த்து முகர்ந்தாய். கந்தக வாடை வந்தால்தான் அது ரப்பர் என்றாய். நாம் வெட்டின பால் எந்தச் சீமைக்கோ போய்க் கறுத்து, இறுகி, திரும்பி நம் வாய்க்கே வருகிறது என்று அந்தச் சீனரிடம் பெருமையாக வேறு சொன்னாய்.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தாய். ரீட் என்கிற நாணல் பட்டை படுக்கிற தட்டையான பக்கத்தை அதன்மேல் வைத்து, நுனியின் இடுக்கில் சிகரெட்டுத் தாளைச் செருகினாய். தாள் இரண்டு ஓரத்திலும் ஒரே இடத்தில் போய் நிற்க வேண்டும். ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் நின்றால் அது கோணல், எத்தனை நல்ல ரீட்டைக் கட்டினாலும் கீச்சென்று கத்தும். கடைசியாக, நனைத்த ரீட்டைக் கட்டி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அடைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு வாயை எடுத்து எண்ணினாய். உள்ளே காற்று கசியாவிட்டால் ரீட் ஒட்டிக்கொண்டே நிற்கும். கசிந்தால் உடனே 'டப்' என்று விட்டுவிடும். நீ எடுத்தது ஏழு எண்ணுகிறவரை விடவில்லை. என்னுடையது நாலிலேயே விட்டது.

உன்னுடையதன் வாய் குறுகல். மெல்ல ஊதினாலே அடிச் சுரம் வழுவழுவென்று வரும், அங்கிருந்து மேலே தாவும்போது பிசிறாது. என்னுடையதன் வாய் அகலம். மூச்சைப் பிடித்துத் தள்ளினால்தான் பேசும், பேசினால் நம் வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீடுவரை கேட்கும். உன்னுடையது பொம்பளை மவுத்பீஸ் என்று நான் கேலி பண்ணினேன். நீ சிரித்தாய். உனக்கு வேறென்ன தெரியும்?

அரிசி முடிச்சும் உன் யோசனைதான். நம் ஊர் ஈரத்தில் பெட்டிக்குள் பூஞ்சை பூக்கிறது, ரீட் நெளிகிறது என்று என் தங்கச்சி அஞ்சலையிடம் சொல்லி, வறுத்த அரிசி ஒரு பிடி போட்டு இரண்டு சின்னப் பை தைத்து வாங்கினாய். உன் பெட்டியில் ஒன்று, என் பெட்டியில் ஒன்று. அவசரகாலச் சட்டம் இறுகி, காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று கேட்டில் ஒரு மணி அரிசியைக்கூட வெளியே விடாமல் சோதித்த நாளிலும் அந்தப் பைகளை எடுக்க நமக்குத் தோன்றவில்லை. நமக்கு அது அரிசியே இல்லை. மெழுகு, ரீட் மாதிரி அதுவும் கிளாரினெட்டைச் சேர்ந்த சாமான்.

சுங்கை ஆயர் தாவார் கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்ட அன்றைக்குக் கான்ஸ்டபிள் முதலில் என் பெட்டியைத்தான் திறந்தான். பையைப் பிரித்தான், மேசையில் அரிசி கொட்டியது. ஈரத்துக்குப் போட்டது ஐயா என்று பணிவாகச் சொல்லியிருந்தால் விட்டிருப்பானோ என்னவோ. நான் என்ன சொன்னேன்? இதைப் பொங்கினால் உன் ஒரு வாய்க்குக் காணுமா என்று கேட்டேன். அவன் கையை ஓங்க, நான் கத்த, கேட்டில் இருந்தவர்களெல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். உன் பெட்டி லோரிப் பலகைக்கு அடியில் திறக்கப்படாமலே கிடந்தது.

இரண்டு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். ஈரத் தரையில் படுத்து நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி எழுதிக் கொடுத்து ஒருவழியாக வெளியே வந்தேன். லயத்தில் பாதிப் பேர் என்னோடு பேசப் பயந்தார்கள். நீ மட்டும் என்னைக் கூட்டிப் போக கேட்டுக்கு வந்தாய். எலும்பாய்ப் போயிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தாய்.

மறுநாள் கிளாரினெட்டை எடுத்து ஊதினேன். காற்றுதான் வந்தது. அடிச் சுரம் ஒன்றுகூட எழும்பவில்லை, நாலாவது மூச்சில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பேண்டு மாஸ்டர் நல்லவர்தான், இருந்தாலும் கணக்காகச் சொல்லிவிட்டார். தஞ்சோங் காராங்கில் மளிகைக் கடை வைத்திருக்கிற ராவுத்தர் வீட்டுக் கல்யாணம் வருகிறது, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு உன்னால் ஊத முடியவில்லை என்றால் இனிமேல் ஜால்ரா தட்டு என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஜெயிலுக்குப் போய் வந்தவன் என்ற பேரோடு ஜால்ராவும் கையில் வந்தால் நான் எந்த முகத்தோடு லயத்தில் நடப்பேன்?

இனிமேல் சொல்வதுதான் நான் ஆறு வருஷமாகச் சொல்லாமல் விட்டது.

அந்தக் கல்யாணத்துக்குப் புறப்பட்டபோது கேட்டில் நம்மை விட்டு வைப்பார்களா? அக்கக்காகக் கழற்றச் சொன்னார்கள். ரீட்டைக்கூட அவிழ்த்து எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினோம். கான்ஸ்டபிள் ஒவ்வொரு குழாயையும் வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னான். எப்போதும் நிதானமாக அடுக்குகிற நீ அன்றைக்கு என்னை முந்திக்கொண்டு வாரி எடுத்தாய். மீதி இருந்ததை நான் எடுத்தேன். லோரி ஆற்றோரச் சாலையைத் தாண்டியபோதுதான் கையிலிருந்த மவுத்பீஸைப் பார்த்தேன். அதன்மேல் சின்னதாக இரண்டு பல் தடம் இருந்தது, நடுவில் இடைவெளி விட்டு. உன் முன்பல் இடைவெளி.

ரீட்டைக் கட்டி, அடியை அடைத்து, உறிஞ்சி எண்ணிப் பார்த்தேன். ஏழு.

நீ எதிரில்தான் உட்கார்ந்திருந்தாய், ஓடுகிற வயலைப் பார்த்துக்கொண்டு. மாப்பிள்ளே, மாறிப்போச்சு, இந்தா உன்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மாஸ்டரின் மடியில் ஜால்ரா இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஊர்வலத்தில் என் கிளாரினெட் பாடியது. குறைந்த மூச்சுக்கே அடிச் சுரம் உருண்டு வந்தது, மேலே தாவினால் தாவியது. ராவுத்தர் என் தோளில் தட்டி, முன்னைவிட இனிமையாக இருக்கிறதே என்றார். பக்கத்தில் நீ கீச்சென்று கத்தினாய். இரண்டாவது தடவை கத்தியபோது கடைத் தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். உன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, சட்டை நனைந்திருந்தது. நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே ஊதினேன். அடுத்த வாரமே முதல் கிளாரினெட் இடம் எனக்கு வந்தது, உன்னை இரண்டாவதுக்குத் தள்ளினார்கள்.

ஆறு வருஷம், மாப்பிள்ளே. நீ ஒரு நாளாவது கேட்பாய் என்று பயந்துகொண்டே இருந்தேன். உன் பார்வையில் படாமல் பல் தடத்தை விரலால் மறைத்துப் பிடித்துக்கொள்வேன். உன்னைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே யோசனை சொன்னேன். அந்த அகல வாயோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய், உப்புத்தாளைக் கண்ணாடிமேல் வைத்து ரீட் படுக்கிற பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்தால் வாய் குறுகிவிடும், உனக்குத் தெரியாததா என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய்.

“இருக்கட்டும் விடு லா மச்சான். தேய்ச்சுட்டா தேய்ச்சதுதான். நாளைக்கு உடையவன் கேட்டா என்னத்தச் சொல்றது?”

தெரிந்துதான் குத்துகிறான் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஒரு மாதம் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. அஞ்சலை மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள், வேண்டாமென்று திருப்பி அனுப்பினேன். அவளுக்கு என்மேல் வருத்தம், உனக்கு மட்டும் சிரிப்பு.

அப்புறம் அந்தக் காற்றடித்த காலை. கிளை முறிந்து விழுந்தது என்று ஓடி வந்து சொன்னார்கள். நான் வந்து சேர்ந்தபோது உன் வாளியில் பால் பாதி நிறைந்திருந்தது. நீ இல்லை.

பிற்பகல் உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போட ஒவ்வொருவராக வந்தார்கள். என் கைக்குட்டையில் உன் மவுத்பீஸ் இருந்தது. உயிரோடு இருந்தபோது கொடுக்கத் துப்பில்லாதவன், இப்போதாவது உன் கையில் வைத்துவிடலாம் என்று கொண்டு வந்தேன். குனிந்து உன் விரலைப் பிரித்தேன். அழுதுகொண்டிருந்த அஞ்சலை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அதை வைக்காதே அண்ணே. அது உன்னுது.”

“என்னுது இல்லை அஞ்சலை. இவனுது. கேட்ல மாறிப்போச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வச்சுக்கிட்டேன்.”

“மாறல. அவருதான் மாத்துனாரு. உனக்கு மூச்சு இல்ல, இதுதான் உனக்குத் தோதாகும்னு முதல் நாளே எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. நேராக் குடுக்க வேண்டியதுதானேன்னு நான் கேட்டேன். உங்க அண்ணன், நாம குடுத்தா வாங்க மாட்டான், திருடிட்டோம்னு நெனச்சாத்தான் வச்சுக்குவான்னாரு.”

சொல்லிவிட்டு அவள் மறுபடியும் அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது, மாப்பிள்ளே. உன் பிணத்துக்கு முன்னால் நான் சிரித்தேன். சிரித்துச் சிரித்து, அது அழுகையாகி, நாலு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். என்னை அவ்வளவு சரியாக எடை போட்டு வைத்திருந்தாயா நீ?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அஞ்சலை உன் பெட்டியை என்னிடம் கொடுத்தாள். என் பழைய மவுத்பீஸ் அதில் இருந்தது. வாய் வைக்கிற இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாய். பல் வழுக்குகிறது என்று அப்போது காரணம் சொன்னாய், நானும் நம்பினேன். மெல்ல உரித்தேன். அடியில் என் கோணல் பல்லின் தடம் அப்படியே இருந்தது, ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் கடித்து வைத்தபடி. உன் பல் தடம் ஒன்றுகூட அதன்மேல் இல்லை. கண்ணாடிமேல் வைத்துத் தாளைச் செருகிப் பார்த்தேன். ஒரு இழைகூடத் தேய்க்கவில்லை நீ. ஊர் சிரிக்க அதில் கத்திக் கத்தி, எனக்காக அதை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தாய்.

என் மூச்சு திரும்பியதும் நானே வந்து கேட்பேன் என்று காத்திருந்தாயாம். அஞ்சலை சொன்னாள். உடையவன் என்று நீ சொன்னது என்னைத்தான். நீ கேட்பாய் என்று நானும், நான் கேட்பேன் என்று நீயும், இரண்டு முட்டாள்கள் ஒரே பேண்டில் தோளோடு தோள் நின்று ஊதியிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எனக்காக மச்சான் கேட்டில் கத்தினான், என் பெட்டியைத் திறக்கவிடாமல் தன்னைக் காட்டிக்கொடுத்தான் என்று நீ அஞ்சலையிடம் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவாயாமே. இல்லை, மாரிமுத்து. சத்தியமாக இல்லை. உன் பெட்டி என் நினைவிலேயே இல்லை. அது என் வாய்க்கொழுப்பு, என் கோபம், வேறொன்றுமில்லை. நான் செய்யாத நன்மைக்கு நீ ஆறு வருஷம் கைம்மாறு செய்துவிட்டாய். இதை அஞ்சலையிடம் இன்னும் சொல்லவில்லை. பத்திரிகையில் படித்துவிட்டு அவள் என்ன சொல்வாளோ, தெரியவில்லை. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? விடு லா என்றுதான் சொல்லியிருப்பாய்.

நேற்று சாயங்காலம் என் மவுத்பீஸில் ரீட்டைக் கட்டினேன். முதல் மூன்று மூச்சும் வெறும் காற்று. நாலாவதில் அடிச் சுரம் வந்தது, தகரம் அதிர்கிற மாதிரி, அசிங்கமாக, பெரிதாக. அடுப்பைப் போட்டது போட்டபடி விட்டு அஞ்சலை என் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தாள். கையெல்லாம் மாவு. நான் ஊதி முடிக்கிறவரை அங்கேயே நின்றாள்.

வருகிற திருவிழாவுக்கு இதைத்தான் ஊதுவேன். கீச்சென்று கத்தினால் கத்தட்டும், பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். உன்னுடையதை உன் பெட்டியில் உன் பல் தடத்தோடு வைத்துவிட்டேன். அஞ்சலை புதிதாக இரண்டு அரிசி முடிச்சு தைத்துக் கொடுத்தாள், உனக்கொன்று, எனக்கொன்று. கேட் இருந்த இடத்தில் இப்போது யாரும் எதையும் திறக்கச் சொல்வதில்லை. உன் பெட்டியையும் லோரியில் என் பக்கத்தில் வைத்துக்கொண்டு போவேன். அவள் இன்றைக்குக் கொடுத்தனுப்பிய மீன் குழம்பை வாங்கிக்கொண்டேன். இனிமேல் யார் எதைக் கொடுத்தாலும் கையை நீட்டி வாங்கிக்கொள்வேன், உன் மேல் ஆணை.

உன் அஞ்சலையின் அண்ணன்,
உன்னிடமிருந்து எதையும் திருட முடியாமல் போன உன் மச்சான்,
வீராசாமி